மென்பொருள் வேலையில் முதல் வருடம்: பெற்றோர் அறிய வேண்டியவை



அல்ஹம்துலில்லாஹ், இந்த ஆண்டும் நம் மஹல்லாவில் பொறியியல், பி.சி.ஏ., பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்த பிள்ளைகள் பலர் சென்னைக்கும் பெங்களூருக்கும் மென்பொருள் வேலைக்குப் புறப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் சிலர் நம் அறக்கட்டளையின் வட்டியில்லாக் கல்விக் கடனில் படித்தவர்கள். பிள்ளை வேலையில் சேர்ந்த இரண்டு, மூன்று மாதத்தில் பெற்றோர் நம் அலுவலகத்துக்கு வந்து கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. "மாதம் முப்பதாயிரம் என்றார்கள், இருபத்து மூன்றுதான் கைக்கு வருகிறது, மீதி எங்கே?" "பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்களாம், வேலையை விட்டு எடுத்துவிடுவார்களா?" "நாலு வருடம் படித்துவிட்டுப் போனவன் இன்னும் பயிற்சி என்கிறானே?"

நம் ஊரில் வேலை என்றால் பெரும்பாலான வீடுகளுக்குத் தெரிந்தது சபர் வாழ்க்கைதான். துபாயிலோ சவூதியிலோ போய் இறங்கினால் ஒரு வாரத்தில் வேலை பழகிவிடும். பேசிய சம்பளம் பேசியபடி வரும். முதல் மாதமே வீட்டுக்குப் பணம் அனுப்பலாம். அந்தக் கணக்கை மென்பொருள் வேலைக்குப் போட்டால் தப்பாகும். இங்கே முதல் வருடம் என்பது பெரும்பகுதி தொழில் பழகும் வருடம். வருமானம் குறைவாகவும் வேலையின் உறுதி மிகக் குறைவாகவும் இருக்கும் வருடமும் அதுதான். இதைப் புரிந்துகொண்ட குடும்பத்துப் பிள்ளை இரண்டாம், மூன்றாம் வருடத்தில் நிமிர்ந்துவிடுகிறான். புரியாத குடும்பத்தில், பிள்ளை தொழில் பழகுவதற்கு முன்பே வீட்டுச் சுமை முழுவதும் அவன் தலையில் ஏறிவிடுகிறது.

சம்பளக் கணக்கு

ஆஃபர் லெட்டரில் எழுதியிருக்கும் தொகைக்கு சி.டி.சி. என்று பெயர். அந்த ஊழியருக்காக நிறுவனம் ஓர் ஆண்டில் செலவிடும் மொத்தத் தொகை அது. கைக்கு வரும் சம்பளம் வேறு. பெரிய சேவை நிறுவனங்களில் புதிதாகச் சேரும் பட்டதாரிகளில் பெரும்பாலோருக்கு இது ஆண்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாயை ஒட்டியே இருக்கிறது. பத்தாண்டுக்கு மேலாக இந்தத் தொகை பெரிதாக ஏறவில்லை.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். சி.டி.சி. 3,60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் நிறுவனம் தன் பங்காகக் கட்டும் வருங்கால வைப்பு நிதி மாதம் 1,800 வீதம் 21,600 ரூபாய். பணிக்கொடைக்கு ஒதுக்குவது சுமார் 8,650 ரூபாய். மருத்துவக் காப்பீட்டுக்கு 5,750 ரூபாய். திறமையைப் பார்த்து ஆண்டு இறுதியில் தரப்படும் மாறும் ஊதியம் 24,000 ரூபாய். இவையெல்லாம் சேர்ந்து 60,000 ரூபாய் போய்விடுகிறது. மீதி 3 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 25,000. அதிலும் பிள்ளையின் பங்கு வைப்பு நிதியாக 1,800 ரூபாயும், தொழில் வரியாக மாதத்துக்குச் சுமார் 200 ரூபாயும் பிடித்தது போக 23,000 ரூபாய் வங்கிக் கணக்கில் விழும். நிறுவனத்துக்கு நிறுவனம் தொகைகள் மாறும். கணக்கின் அமைப்பு இதுதான்.

இதில் பிள்ளை எதையும் மறைக்கவில்லை. மாறும் ஊதியம் முழுதாக வரும் என்பதற்கு உறுதி கிடையாது. பணிக்கொடை பெற, நிரந்தர ஊழியராக ஐந்தாண்டு தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். வைப்பு நிதி பிள்ளையின் பெயரில்தான் சேர்கிறது. அதற்கு யு.ஏ.என். என்ற பன்னிரண்டு இலக்க எண் உண்டு. வேலை மாறினாலும் அந்த எண் மாறாது. மாறும்போது பணத்தை எடுத்துச் செலவழிக்காமல் புதிய நிறுவனத்தின் கணக்குக்கு மாற்றிக்கொள்வதே நல்லது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. திட்டத்தில் சேர்ப்பார்கள். அந்தப் பிள்ளையை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் அதில் மருத்துவ வசதி உண்டு. வருமான வரியைப் பற்றி முதல் வருடத்தில் கவலை வேண்டாம். 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய முறையில் சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் ரூபாய் வரை வரி வராது.

இனி அந்த 23,000 ரூபாயைப் பாருங்கள். சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் நாலு பேர் தங்கும் அறையில் சாப்பாட்டோடு இடம் பிடிக்க எட்டு, ஒன்பதாயிரம் ஆகும். பஸ், ஷேர் ஆட்டோ, போன், உடுப்பு, ஊருக்கு வந்து போகும் செலவு எல்லாம் நாலாயிரம். மிச்சம் பத்தாயிரம் சொச்சம். பிள்ளை வீட்டுக்கு அனுப்பக்கூடிய தொகைக்கு இதுவே எல்லை.

முதல் ஆறு மாதத்தில் என்ன நடக்கிறது?

பெரிய நிறுவனங்கள் முதலில் இரண்டு, மூன்று மாதம் பயிற்சி தருகின்றன. ஜாவா, பைத்தான் போன்ற நிரல் மொழிகள், தரவுத்தளம், மென்பொருளைச் சோதிக்கும் முறை எல்லாம் கற்பித்துத் தேர்வு வைப்பார்கள். கல்லூரித் தேர்வைப் போல இதை எண்ணக் கூடாது. 2025 பிப்ரவரியில் இன்போசிஸ் நிறுவனம் தன் மைசூரு மையத்தில் மூன்று வாய்ப்பிலும் தேறாத 300-க்கும் மேற்பட்ட புதியவர்களை வெளியே அனுப்பியது. ஆகவே பயிற்சிக் காலத்தில் "தம்பி கல்யாணத்துக்கு ஒரு வாரம் லீவு போட்டு வா" என்று பிள்ளையை அழைக்காதீர்கள்.

பயிற்சி முடிந்ததும் ஒரு புராஜெக்டில் சேர்ப்பார்கள். வெளிநாட்டு வங்கி ஒன்றுக்கோ, காப்பீட்டு நிறுவனத்துக்கோ, கடைத்தொடர் ஒன்றுக்கோ செய்து தரும் வேலையாக அது இருக்கும். இடம் உடனே கிடைக்காவிட்டால் சம்பளத்தோடு காத்திருக்கும் காலத்தைத்தான் பெஞ்ச் என்கிறார்கள். பெஞ்சில் இருப்பது குற்றமோ தண்டனையோ ஆகாது. அதே சமயம் அதை ஓய்வு என்று எடுத்துக்கொள்வதும் ஆபத்து. டி.சி.எஸ். நிறுவனம் 2025 ஜூனில் கொண்டுவந்த விதியின்படி, ஊழியர் ஆண்டுக்கு 225 நாளாவது வாடிக்கையாளர் வேலையில் இருக்க வேண்டும். பெஞ்சில் 35 நாளுக்கு மேல் போகக் கூடாது. மற்ற நிறுவனங்களிலும் பெஞ்சில் இருக்கும் நாட்களை எண்ணிக்கொண்டுதான் இருப்பார்கள். அந்த நாட்களில் பிள்ளை புதிதாக ஒன்றைப் படித்துச் சான்றிதழ் பெறுவதும், புராஜெக்ட் மேலாளர்களுக்குத் தானே எழுதி வாய்ப்புக் கேட்பதும் அவசியம்.

புராஜெக்டில் சேர்ந்தாலும் முதல் நாளே புதிய மென்பொருள் எழுதச் சொல்ல மாட்டார்கள். பத்து வருடத்துக்கு முன் யாரோ எழுதிய லட்சக்கணக்கான வரிகள் அங்கே ஓடிக்கொண்டிருக்கும். எழுதியவர்கள் வேலையை விட்டுப் போயிருப்பார்கள். அதைப் படித்துப் புரிந்துகொள்வதே முதல் வேலை. பிறகு சிறிய பழுது ஒன்றைத் தருவார்கள். திரையில் ஒரு தேதி தவறாகக் காட்டுகிறது, அதைச் சரி செய் என்பது போல. இரண்டு வரி மாற்றம்தான். ஆனால் மூன்று நாள் ஆகும். காரணம், அந்த மென்பொருளை அந்த நேரத்திலேயே ஆயிரக்கணக்கான பேர் உபயோகித்துக்கொண்டிருப்பார்கள். நிக்காஹ் விருந்தில் சஹன் போய்க்கொண்டிருக்கும்போது அடுப்பில் இருக்கும் அண்டாவில் உப்பைச் சரி செய்வது போன்ற வேலை அது. கொஞ்சம் தவறினால் பந்தி முழுவதும் கெட்டுப்போகும். அதனால் எந்த மாற்றத்தையும் தனிப் பிரதியில் செய்து, மூத்தவர் ஒருவர் பார்த்து, சோதித்த பிறகுதான் உண்மையான இடத்துக்கு அனுப்புவார்கள்.

மூத்தவர் பார்த்துத் திருத்தும் அந்தக் கட்டத்துக்கு கோட் ரிவ்யூ என்று பெயர். நம் பிள்ளைகள் பலர் மனம் உடைவது இங்கேதான். பத்து வரி எழுதினால் பதினைந்து குறை எழுதித் திருப்பி அனுப்புவார்கள். கல்லூரியில் முதல் மாணவனாக இருந்தவன் "எனக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று இரவில் உம்மாவிடம் போனில் அழுவான். மதரஸாவில் ஓதிய யாருக்கும் இது புதிதில்லை. உஸ்தாத் முன் தினமும் சபக் ஒப்புவிக்கும்போது ஒரு ஹர்ஃபுக்கு நாலு தடவை நிறுத்தித் திருத்துவார். நம்மை அவமானப்படுத்துகிறார் என்று நாம் அன்று நினைத்ததில்லை. திருத்தம் இல்லாமல் ஓதல் நேராகாது என்பது தெரிந்திருந்தது. இந்தத் தொழிலும் அப்படித்தான் பழக்கப்படுகிறது. சொன்ன குறையை ஒரு நோட்டில் எழுதி வைத்து, அதே குறை மறுபடி வராமல் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்கு ஆறு மாதத்தில் திருத்தங்கள் பாதியாகக் குறைந்துவிடும்.

இன்னொரு தடை, கேள்வி கேட்கக் கூச்சம். தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் கேட்கத் தயக்கம். கேட்டால் தெரியாதவன் என்று நினைப்பார்களோ என்ற பயம். இரண்டு நாள் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு வாய் திறக்காமல் இருப்பதுதான் மேலாளருக்குக் கோபம் வரும் காரியம். அரை மணி, ஒரு மணி நேரம் தானே முயன்று, என்னென்ன செய்து பார்த்தேன் என்று எழுதிவைத்துக்கொண்டு கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். உடைந்த ஆங்கிலமானாலும் விஷயம் தெளிவாக இருந்தால் போதும்.

இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நிரலை எழுதியே தந்துவிடுகின்றன. பயன்படுத்தலாம், நிறுவனம் அனுமதித்த கருவியை மட்டும். வாடிக்கையாளரின் தகவலையும் நிறுவனத்தின் நிரலையும் வெளியில் உள்ள கருவியில் கொண்டுபோய் ஒட்டுவது அமானத்தை மீறுவதாகும். அதற்காக வேலையே போகலாம். அதோடு, தனக்கே விளங்காத ஒன்றை ஒட்டி அனுப்பினால் "இந்த வரி எதற்கு?" என்ற முதல் கேள்வியிலேயே அகப்பட்டுவிடுவான். கருவி தருவதைச் சரிபார்க்கத் தெரிந்தவனுக்குத்தான் இனி இந்தத் துறையில் இடம்.

தொழுகையும் வேலை நேரமும்

வெள்ளிக்கிழமை ஜுமுஆவுக்குப் போக முடியுமா என்று பிள்ளைகள் தயங்குகிறார்கள். சேர்ந்த முதல் வாரத்திலேயே டீம் லீடிடம் சொல்லிவிட்டு, வெள்ளி 12.30 முதல் 2 மணி வரை அலுவலகக் காலண்டரில் குறித்து வைத்தால் அந்த நேரத்தில் பெரும்பாலும் மீட்டிங் போட மாட்டார்கள். சொல்லாமல் எழுந்து போவதும், கேட்கத் தயங்கி ஜுமுஆவை விடுவதும் இரண்டும் சரியில்லை. அமெரிக்க வாடிக்கையாளர் என்றால் மாலையும் இரவும்தான் அழைப்புகள் வரும். ரமலானில் இஃப்தார் நேரத்தை முன்கூட்டியே சொல்லி ஒரு மாதத்துக்கு அழைப்பை மாற்றிக் கேட்கலாம். வேலையில் நம்பிக்கையாக இருப்பவன் கேட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

பெண் பிள்ளைகள்

பெண் பிள்ளைகளும் படித்து, தேர்வெழுதி, இந்த வேலைக்கு வருகிறார்கள். முதல் ஆறு மாதத்தில் பயந்துபோய் அவர்களைத் திரும்ப அழைத்துக்கொள்ளும் வீடுகளும் உண்டு. முடிவெடுக்குமுன் விவரத்தைக் கேளுங்கள். இரவுப் பணி உண்டா, வீட்டு வாசல் வரை வாகனம் உண்டா, தங்கும் இடம் எது என்று சேருமுன்பே நிறுவனத்திடம் கேட்கலாம். பணியிடத்தில் பெண்களைப் பாதுகாக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். அதில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை மகள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். வேலைக்குச் செல்லும் மகளிருக்காகத் தமிழ்நாடு அரசு நடத்தும் தோழி விடுதிகள் அடையாறு, கூடுவாஞ்சேரி, திருச்சி உள்ளிட்ட இடங்களில் இருக்கின்றன. ஹிஜாபோடு வேலை செய்யும் நம் ஊர்ப் பெண்கள் சென்னையில் இருக்கிறார்கள். புதிதாகப் போகும் பிள்ளைக்கு அவர்களை அறிமுகம் செய்துவைக்க நம் அலுவலகம் உதவும்.

கையெழுத்துப் போடுமுன்

சில நிறுவனங்கள் இத்தனை வருடம் வேலை செய்வேன், இடையில் போனால் இவ்வளவு தொகை கட்டுவேன் என்று பாண்டு எழுதி வாங்குகின்றன. "அதெல்லாம் சட்டப்படி செல்லாது" என்று சொல்பவர்களை நம்பிவிடாதீர்கள். விஜயா வங்கி ஊழியர் ஒருவர் மூன்று வருடம் முடியுமுன் விலகியதற்கு 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டிவந்த வழக்கில், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் வங்கியின் நிபந்தனை செல்லும் என்றே தீர்ப்பளித்தது. எத்தனை வருடம், எவ்வளவு தொகை, விலக எத்தனை நாள் முன்னறிவிப்பு என்ற மூன்றையும் படித்துப் பார்த்து, நியாயமாக இருந்தால் மட்டும் கையெழுத்திடட்டும். பெரிய நிறுவனங்களில் முன்னறிவிப்பு 90 நாள் வரை இருக்கிறது. அசல் சான்றிதழ்களை யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம்.

இரண்டு லட்சம் கொடுத்தால் வேலை, மூன்று வருட அனுபவச் சான்று தயார் என்று சொல்லும் இடைத்தரகர்கள் இன்னமும் ஊர் ஊராக வருகிறார்கள். பொய்ச் சான்று காட்டி வாங்கும் வேலையில் பரக்கத் இருக்காது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உலகக் கணக்கிலும் அது நிற்காது. நிறுவனங்கள் யு.ஏ.என். எண்ணை வைத்தே, எந்த மாதத்திலிருந்து எங்கே வேலை செய்தார் என்று பார்த்துவிடுகின்றன. பொய் தெரிந்த அன்றே வெளியேற்றுவார்கள். கொடுத்த பணமும் வராது, அடுத்த வேலைக்கும் அந்தக் கறை தொடரும்.

முதல் வருடச் சம்பளத்தின் மேல் கடன் வேண்டாம்

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது இந்த விஷயம்தான். மூன்று மாதச் சம்பளச் சீட்டு கையில் வந்ததும் வங்கியிலிருந்து போன் வரும். கிரெடிட் கார்டு தருகிறோம், பெர்சனல் லோன் தருகிறோம் என்பார்கள். வீட்டில் மகள் கல்யாணம் நிற்கும், அல்லது மாடி கட்டி நின்றிருக்கும். "மகன் பெயரில் எடுத்தால் என்ன?" என்று தோன்றும்.

வட்டி ஹராம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதோடு இந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 3 லட்சம் ரூபாயை 14 சதவீத வட்டிக்கு ஐந்து வருடத்துக்கு எடுத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 7,000 ரூபாய். மொத்தம் கட்டுவது 4 லட்சத்து 19 ஆயிரம். கையில் பத்தாயிரம் மிஞ்சும் பிள்ளைக்கு மூவாயிரம் மிஞ்சும். புதிய பாடம் படிக்கப் பணம் இருக்காது. வேலை பிடிக்காவிட்டாலும் விலக முடியாது. தகுதிகாண் காலம் முடிந்து பணி நிரந்தரம் ஆகாத பிள்ளையை நிறுவனம் குறுகிய அறிவிப்பில் நிறுத்திவிடலாம். நிறுத்தினாலும் தவணை நிற்காது. வேலையே உறுதியாகாத வருடத்தில் ஐந்து வருடக் கடனை அந்தப் பிள்ளை தலையில் வைப்பது அவனுக்குச் செய்யும் அநீதி. தவணைக்குப் பயந்து மாதக் கடைசியில் இன்னொரு ஆப்பில் கடன் வாங்கி, வீட்டில் சொல்லாமல் தூக்கமின்றித் தவிக்கும் பிள்ளைகளை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அதனால்தான் நம் அறக்கட்டளை கல்விக் கடனைத் திருப்பிச் செலுத்துவதற்கு, வேலையில் சேர்ந்து ஆறு மாதம் அவகாசம் தருகிறது. ஏழாம் மாதத்திலிருந்து இயன்ற தொகையைக் கட்டினால் போதும். வேலை போய்விட்டால் தெரிவியுங்கள், தவணையை நிறுத்திவைப்போம். அதே வேளையில், திரும்பி வரும் அந்தப் பணம்தான் அடுத்த பிள்ளையின் செமஸ்டர் கட்டணம் என்பதையும் நினைவில் வையுங்கள். சேமிப்பு நிஸாபை அடைந்து ஒரு ஹிஜ்ரி வருடம் கையில் இருந்தால் இரண்டரை சதவீத ஜகாத் கடமையாகும். வைப்பு நிதிக்கு ஜகாத் எப்போது, அதில் சேரும் வட்டியை என்ன செய்வது என்பதை இமாம் அவர்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

பெற்றோர் செய்யக்கூடியவை

போனில் பேசும்போது "சம்பளம் வந்ததா?" என்பதற்கு முன் "இந்த வாரம் என்ன படித்தாய்?" என்று கேளுங்கள். வீட்டுக்கு ஒரு தொகை முடிவு செய்து, அதற்கு மேல் கேட்காதீர்கள். மூன்று மாதச் செலவுக்குப் பணம் அவன் கையில் சேரும் வரை பெரிய காரியங்களைத் தள்ளிவையுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை பதினைந்து லட்சம் வாங்குகிறானாமே என்று ஒப்பிடாதீர்கள். கஷ்டம் என்று சொன்னால் உடனே "விட்டுவிட்டு வா, சபருக்கு அனுப்புகிறேன்" என்றும் சொல்ல வேண்டாம். "எல்லோரும் செய்கிறார்கள், உனக்கென்ன?" என்று அடக்கவும் வேண்டாம். முதலில் கேளுங்கள். வாப்பாவிடம் சொல்லலாம் என்ற தைரியம் இருக்கும் பிள்ளை, வட்டிக்காரனிடமும் பொய்ச் சான்று தருபவனிடமும் போக மாட்டான்.

ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கவோ, சம்பளச் சீட்டு புரியாமலோ இருந்தால் ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பின் அலுவலகத்துக்கு வாருங்கள். இந்தத் துறையில் பல வருடம் வேலை பார்த்த நம் ஊர்ப் பிள்ளைகளோடு போனில் பேச ஏற்பாடு செய்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் ஹலாலான ரிஸ்கையும் அதில் பரக்கத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.

- செயலாளர்